பள்ளிக் கணினிகளில் இயங்குதளப் படிம நிறுவல்

இயங்குதளப் படிம நிறுவல் என்பது ஒரு கணினியில் இயங்குதளத்தையும் தேவையான மென்பொருட்களையும் ஒருமுறை முழுமையாக நிறுவி, அதன் வன்தட்டின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக எடுத்து, அதனையே பல கணினிகளில் இடும் முறை ஆகும். அவ்வாறு எடுக்கப்படும் கோப்பு படிமம் எனப்படும். படிமம் எடுக்கப்படும் கணினி மாதிரிக் கணினி எனப்படும். பள்ளிகள், கல்லூரிகள், அரசு அலுவலகங்கள், இணைய மையங்கள் முதலிய ஒரே வகையான கணினிகள் பல உள்ள இடங்களில் இம்முறை பயன்படுகின்றது.

தேவை

ஓர் ஆய்வகத்தில் 20 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு கணினியில் இயங்குதளம், அலுவலக மென்பொருள், நிரல்மொழிகள், தமிழ் விசைப்பலகை, எழுத்துருக்கள், அச்சுப்பொறி அமைப்பு ஆகிய அனைத்தையும் கையால் நிறுவ இரண்டு மணி நேரம் ஆகுமானால், 20 கணினிகளுக்கும் 40 மணி நேரம் தேவைப்படும். பள்ளியின் ஒரு வார வேலை நேரத்துக்கு இது ஏறக்குறைய சமமாகும். அந்த நாட்களில் செய்முறை வகுப்பு நடவாது. பல பள்ளிகளில் தனியாகத் தொழில்நுட்பப் பணியாளர் இல்லாமையால் இப்பணி கணினி ஆசிரியரையே சேர்கின்றது.

கையால் நிறுவும்போது கணினிக்குக் கணினி வேறுபாடுகளும் தோன்றும். ஒன்றில் நிரல்மொழியின் பழைய பதிப்பும் மற்றொன்றில் புதிய பதிப்பும் இருந்தால், ஒரே நிரல் ஒரு மாணவருக்கு இயங்கி அடுத்தவருக்கு இயங்காது. பொதுத் தேர்வின் செய்முறைத் தேர்வில் இவ்வேறுபாடு மாணவரின் மதிப்பெண்ணையே பாதிக்கக்கூடும். எல்லாக் கணினிகளும் ஒன்றுபோல் இருப்பதைப் படிம முறை உறுதி செய்கின்றது. பழுதடைந்த கணினியைச் சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அது உதவுகின்றது.

படிமத்தின் வகைகள்

வட்டுப் படிமம்: வன்தட்டின் வட்டுப் பிரிவுகள் அப்படியே நகலெடுக்கப்படும். பெரும்பாலான மென்பொருட்கள் வட்டில் உண்மையாகப் பயன்பட்டுள்ள பகுதிகளை மட்டுமே படித்துச் சுருக்கிச் சேமிக்கின்றன. எனவே 500 கிகாபைட்டு வன்தட்டில் 20 கிகாபைட்டு மட்டும் நிரம்பியிருந்தால், படிமம் 20 கிகாபைட்டை விடவும் சிறியதாகவே அமையும்.

கோப்புப் படிமம்: வட்டின் அமைப்பைக் கருதாமல் கோப்புகளை மட்டும் தொகுத்து வைக்கும் முறை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து மைக்ரோசாப்ட் பயன்படுத்தும் விம் வடிவம் இவ்வகையைச் சேர்ந்தது. அளவில் வேறுபட்ட வன்தட்டுகளிலும் இதனை எளிதில் இடலாம்.

நிறுவல் படிமம்: தேவையான மென்பொருட்கள் சேர்க்கப்பட்ட நிறுவல் வட்டு. இது குறுவட்டாகவோ பென் டிரைவாகவோ வழங்கப்படும். ஒவ்வொரு கணினியிலும் நிறுவல் நடைபெற்றாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும். கேரளப் பள்ளிகளில் பெரிதும் பயன்படுவது இவ்வகையே ஆகும்.

வரலாறு

1995ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மர்ரே ஹசார்ட் என்பவர் உருவாக்கிய கோஸ்ட் என்னும் மென்பொருள் இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. 1998இல் அதனைச் சிமண்டெக் நிறுவனம் வாங்கியது. பின்னர் அது நார்ட்டன் கோஸ்ட் என்னும் பெயரில் விற்கப்பட்டது. பல ஊர்களில் கணினி பழுதுபார்ப்போர் இடையே "கோஸ்ட் போடுதல்" என்பது படிமம் இடுவதற்கே பெயராக வழங்கியது.

வன்தட்டில் எதுவும் இல்லாத கணினியையும் வலையமைப்பின் வழியாகவே தொடங்க உதவும் பி.எக்ஸ்.இ என்னும் வரையறையின் 2.1 பதிப்பை இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. இதன் பின்னர் ஒவ்வொரு கணினிக்கும் வட்டை எடுத்துச் செல்லும் தேவை குறைந்தது.

கட்டற்ற மென்பொருட்களில் தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா குறிப்பிடத்தக்கது. அதன் வழங்கிப் பதிப்பைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட கணினிகளில் ஒரே நேரத்தில் படிமம் இட இயலும். 2007இல் தொடங்கப்பட்ட ஃபாக் திட்டம், உலாவி வழியாகவே கணினிகளைப் பதிவு செய்து படிமம் இடும் வசதியை அளித்தது.

செயல்முறை

மாதிரிக் கணினியைத் தயாரித்தல்

முதலில் ஆய்வகக் கணினிகளைப் போன்ற ஒரு கணினியில் அல்லது ஒரு மெய்நிகர் கணினியில் இயங்குதளம் நிறுவப்படும். அதன்பின் இற்றைப்படுத்தல்கள், பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருட்கள், தமிழ் உள்ளீட்டு முறை ஆகியவை சேர்க்கப்படும். நிருவாகக் கணக்கு ஒன்றும், குறைந்த உரிமைகள் கொண்ட மாணவர் கணக்கு ஒன்றும் உருவாக்கப்படும். மாணவர் கணக்கில் நுழைந்து ஒவ்வொரு மென்பொருளையும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது இன்றியமையாதது. மாதிரிக் கணினியில் உள்ள ஒரு சிறு பிழை, படிமம் இடப்படும் எல்லாக் கணினிகளிலும் பிழையாகும்.

பொதுமைப்படுத்தல்

ஒவ்வொரு கணினிக்கும் தனக்கே உரிய சில அடையாளங்கள் உண்டு. படிமம் எடுப்பதற்கு முன் இவற்றை நீக்குவது பொதுமைப்படுத்தல் எனப்படும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் இதற்குச் சிஸ்பிரெப் என்னும் கருவி உள்ளது. கணினியின் பாதுகாப்பு அடையாள எண்ணை அது நீக்கும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது புதிய எண் உருவாகும். ஒரே எண் பல கணினிகளில் இருப்பதால் நடைமுறையில் தீங்கில்லை என மைக்ரோசாப்டைச் சேர்ந்த மார்க் ருசினோவிச் 2009இல் எழுதினார். ஆயினும் சிஸ்பிரெப் இன்றி நகலெடுப்பதை அந்நிறுவனம் ஆதரிக்கவில்லை. 2025 ஆகஸ்டு இறுதியிலிருந்து வெளியான விண்டோஸ் 11 இற்றைப்படுத்தல்கள் இவ்வெண்ணைச் சரிபார்க்கத் தொடங்கின. இதனால் பொதுமைப்படுத்தாமல் நகலெடுக்கப்பட்ட கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர இயலாமல் போயின.

லினக்சில் நீக்கவேண்டியவை வேறு. கணினி அடையாளக் கோப்பு, பாதுகாப்பான தொலை இணைப்புக்குரிய திறவுகோல்கள், கணினிப் பெயர் ஆகியவை முதன்மையானவை. உபுண்டு 18.04 வழங்கிப் பதிப்பு போன்றவற்றில் கணினி அடையாளக் கோப்பைக் கொண்டே வலையமைப்பு முகவரி கேட்கப்படுகின்றது. அதனை நீக்காமல் நகலெடுத்தால் இரு கணினிகளுக்கு ஒரே முகவரி கிடைத்து இரண்டுமே வலையமைப்பில் தடுமாறும். பழைய டெபியன், உபுண்டு பதிப்புகளில் வலையமைப்பு அட்டையின் முகவரி ஒரு கோப்பில் பதிவாகியிருந்தது. அதனை அழிக்காமல் எடுத்த படிமத்தை இட்டால், புதிய கணினியின் வலையமைப்பு அட்டை இரண்டாவது அட்டையாகக் கருதப்பட்டு இணைப்புக் கிடைக்காது.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் நுழைவுகள், மாணவர் பட்டியல்கள், மதிப்பெண் கோப்புகள் ஆகியவற்றையும் இக்கட்டத்தில் அழிக்க வேண்டும். இல்லையெனில் அவையும் எல்லாக் கணினிகளுக்கும் பரவிவிடும்.

படிமம் எடுத்தல்

படிமம் எடுக்கும்போது மாதிரிக் கணினி தனது வன்தட்டிலிருந்து இயங்கலாகாது. பென் டிரைவிலிருந்தோ வலையமைப்பு வழியாகவோ அதனைத் தொடங்கி, வன்தட்டு ஓய்வில் உள்ள நிலையில் படிக்க வேண்டும். எடுத்த படிமத்துக்கு நாளையும் பதிப்பெண்ணையும் பெயரில் சேர்ப்பது வழக்கம். சரிகாண் தொகை ஒன்றையும் உடன் வைத்தால், படிமம் பின்னாளில் சிதையாமல் உள்ளதா என அறியலாம்.

பரப்பல்

படிமத்தைக் கணினிகளுக்குக் கொண்டு சேர்க்க மூன்று வழிகள் உள்ளன.

1. வெளிவட்டு அல்லது பென் டிரைவ் மூலம் ஒவ்வொன்றாக இடுதல். வலையமைப்பு இல்லாத பள்ளிகளுக்கு இதுவே ஏற்றது.
2. ஒருமுனை அனுப்பல். வழங்கி ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகப் படிமத்தை அனுப்பும்.
3. பலமுனை அனுப்பல். வழங்கி படிமத்தை ஒரே ஒரு முறை அனுப்ப, எல்லாக் கணினிகளும் அதனை ஒரே நேரத்தில் பெற்றுக்கொள்ளும்.

இவற்றின் வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள வலையமைப்பில் நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்டு செல்லும். 12 கிகாபைட்டு அளவுள்ள படிமம் ஒரு கணினிக்குச் சென்று சேர ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆகும். ஒருமுனை அனுப்பலில் 20 கணினிகளுக்கும் சேர்த்து 6 மணி நேரம் வேண்டும். பலமுனை அனுப்பலில் 20 கணினிகளுக்கும் அதே 18 நிமிடங்களே போதும். நொடிக்கு 1 கிகாபிட்டு வேகமுள்ள சுவிட்ச் இருந்தால் வலையமைப்பில் ஆகும் நேரம் இரண்டு நிமிடமாகக் குறையும். அப்போது வன்தட்டு எழுதும் வேகமே தடையாக அமையும்.

பலமுனை அனுப்பலுக்கு ஒரு குறை உண்டு. கூட்டத்தில் உள்ள மிக மெதுவான கணினியின் வேகத்திலேயே எல்லாக் கணினிகளும் பெறும். பழுதான கம்பி அல்லது தேய்ந்த வன்தட்டு உள்ள ஒரு கணினி முழு ஆய்வகத்தையும் தாமதப்படுத்தும். அத்தகைய கணினியை விலக்கிவிட்டுப் பின்னர் தனியாக இடுவது நல்லது.

நிறுவிய பின்

படிமம் இடப்பட்ட ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பெயர் இட வேண்டும். கணினி வைக்கப்பட்டுள்ள வரிசையையும் எண்ணையும் பெயராகக் கொண்டால் பழுதான கணினியைக் கண்டறிவது எளிது. பின்னர் வலையமைப்பு, அச்சுப்பொறி, ஒலி, தமிழ்த் தட்டச்சு ஆகியவை சரிபார்க்கப்படும்.

படிமத்தில் தமிழ்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கான படிமத்தில் தமிழ் வசதிகளுக்கு முதன்மையான இடம் உண்டு. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16 குறியீட்டு முறையும் அரசால் ஏற்கப்பட்டன. ஆயினும் பழைய குறியீட்டு முறைகளில் அமைந்த எழுத்துருக்களில் தட்டச்சிட்ட வினாத்தாள்களும் குறிப்புகளும் பள்ளிகளில் இன்றும் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆகையால் ஒருங்குறி எழுத்துருக்களோடு, உரிமம் உள்ள பழைய எழுத்துருக்களையும் குறியீட்டு மாற்றி ஒன்றையும் படிமத்தில் சேர்ப்பது பயன்தரும். தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்று விசைப்பலகைகளையும் மாணவர் கணக்கில் முன்கூட்டியே அமைத்து வைக்கலாம்.

தமிழ்நாட்டில்

1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட், அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினிகள் வாங்குவதில் முதன்மைப் பங்கு வகிக்கின்றது. 2000களின் பிற்பகுதியில் சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் அலுவலகக் கணினிகள் சூசே லினக்சுக்கு மாற்றப்பட்டன. பள்ளிகளுக்கான கணினிகளிலும் லினக்ஸ் இடம்பெறத் தொடங்கியது.

சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதன் முதற் பதிப்பு 2007இல் வெளியானது. பள்ளிகளுக்கென எடுபாஸ் என்னும் பதிப்பும் உருவாக்கப்பட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் இரட்டைத் தொடக்க முறையில் நிறுவப்பட்டிருந்தன. இலட்சக்கணக்கான கணினிகளில் ஒரே அமைப்பை இடுவது கையால் இயலாது. தயாரிப்பு நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே படிமத்தை இட்டு அனுப்புவதே இத்தகைய கொள்முதல்களில் வழக்கம். இரட்டைத் தொடக்கம் உள்ள கணினியில் விண்டோசை மட்டும் மறுபடி நிறுவினால் லினக்சின் தொடக்க நிரல் அழிந்து, பாஸ் இருந்தும் இல்லாததாகிவிடும். முழு வட்டின் படிமமும் கைவசம் இருந்தால் இச்சிக்கல் எழாது.

2019ஆம் ஆண்டுக்குப் பின் 6,029 அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் 3,090 உயர்நிலைப் பள்ளிகள், 2,939 மேல்நிலைப் பள்ளிகள். இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுகளுக்கும் இவ்வாய்வகங்கள் பயன்படுத்தப்படுவதால், எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கும் நிலையில் இருப்பது முன்னைவிட முதன்மை பெற்றுள்ளது.

பாடத்திட்டம் மாறும்போது படிமமும் மாற வேண்டும். 2000களில் மேல்நிலை வகுப்புகளில் ஸ்டார் ஆபிஸ் கற்பிக்கப்பட்டது. 2018-19 கல்வியாண்டில் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூல் விண்டோசையும் உபுண்டுவையும் அறிமுகம் செய்து சி++ மொழியைக் கற்பித்தது. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தான் மொழிக்கு மாறியது. மூலப் படிமத்தில் பைத்தானை ஒருமுறை சேர்த்துப் பரப்பிய பள்ளிக்கு இது ஒரு நாள் வேலை. அவ்வாறு இல்லாத பள்ளிக்குக் கணினிக்குக் கணினி செய்யவேண்டிய வேலை.

கேரளத்தில்

பள்ளிகள் அளவில் ஒரே இயங்குதளத்தை மாநிலம் முழுவதும் பரப்பியதற்கு அண்டை மாநிலமான கேரளம் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். அங்கு 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கப்பட்டது. 2017இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. பாடநூலில் உள்ள எல்லா மென்பொருட்களும் முன்பே சேர்க்கப்பட்ட, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனி இயங்குதளம் அங்கு வெளியிடப்படுகின்றது. 18.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட வெளியீடு 2019இல் வந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்காக அது வெளியிடப்பட்டது. பாடநூலும் இயங்குதளமும் ஒன்றையொன்று ஒட்டி வருவதே இம்முறையின் சிறப்பு. ஆசிரியரும் மாணவரும் நிறுவல் விழாக்களில் கூடித் தம் கணினிகளிலும் அதனை நிறுவிக்கொள்கின்றனர். கட்டற்ற மென்பொருளாதலால் படிமத்தை எத்தனை முறை நகலெடுப்பதற்கும் தடையில்லை.

ஸ்ரீவைகுண்டம் வட்டாரமும் பேரிடர்ப் பாடமும்

ஸ்ரீவைகுண்டம் திருநெல்வேலிக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ளது. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்குள்ளது. ஆழ்வார்திருநகரி, பெருங்குளம், தென்திருப்பேரை முதலிய ஊர்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. இவ்வாறு பள்ளிகள் ஊர்தோறும் சிதறியுள்ள வட்டாரங்களில், ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகப் பல கிகாபைட்டு மென்பொருட்களைப் பதிவிறக்குவதை விட, ஓரிடத்தில் படிமம் தயாரித்து வெளிவட்டில் எடுத்துச் செல்வது எளிது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணியில் பெருகிய வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டமும் சுற்றுப்புற ஊர்களும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. அதன் பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்க வைக்கப்பட்டனர்.

ஆற்றோரப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களுக்கு இத்தகைய வெள்ளம் தரும் பாடம் தெளிவானது. வழங்கியும் படிமம் உள்ள வெளிவட்டும் ஆய்வகத்தின் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒருங்கே அழியும். படிமத்தின் ஒரு நகலை மேல்மாடியிலும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள பள்ளியிலோ அலுவலகத்திலோ வைத்திருந்தால், மாற்றுக் கணினிகள் வந்த நாளிலேயே ஆய்வகத்தை மீட்கலாம். எனினும் படிமம் இயங்குதளத்தை மட்டுமே மீட்கும். மாணவர்களின் செய்முறைக் கோப்புகள், பதிவேடுகள் ஆகியவை அதில் இல்லை. அவற்றுக்குத் தனியாகக் காப்பு நகல் எடுக்க வேண்டும்.

சிக்கல்கள்

தரவு இழப்பு: படிமம் இடப்படும் வன்தட்டில் முன்பு இருந்தவை அனைத்தும் அழியும். இரண்டு வன்தட்டுகள் உள்ள கணினியில் தவறான வட்டைத் தேர்ந்தெடுப்பதும், எடுத்தல், இடுதல் ஆகியவற்றின் திசையை மாற்றித் தேர்வதும் மீட்க இயலாத இழப்பை உண்டாக்கும். மாணவர் கோப்புகளைத் தனி வட்டுப் பிரிவிலோ வழங்கியிலோ வைத்திருப்பது இதற்கான பாதுகாப்பு ஆகும்.

வன்பொருள் வேறுபாடு: வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய கணினிகளுக்கு ஒரே விண்டோஸ் படிமம் எப்போதும் பொருந்தாது. லினக்சின் கருவில் பெரும்பாலான வன்பொருள் இயக்கிகள் முன்பே இருப்பதால் இச்சிக்கல் அதில் குறைவு. பழைய பயோஸ் முறையில் எடுத்த படிமம் யு.இ.எஃப்.ஐ முறையில் மட்டும் தொடங்கும் கணினியில் தொடங்காது. பெரிய வன்தட்டிலிருந்து எடுத்த வட்டுப் படிமத்தைச் சிறிய வன்தட்டில் நேரடியாக இட இயலாது. எனவே சிறிய வன்தட்டுள்ள கணினியையே மாதிரியாகக் கொள்வது வழக்கம்.

முகவரி வழங்கல் மோதல்: வலைவழித் தொடக்கத்துக்கு வழங்கியே முகவரிகளை வழங்கும். பள்ளியின் இணைய இணைப்புக் கருவியும் அதே வேலையைச் செய்தால் இரண்டும் மோதும். படிமம் இடும் நேரத்தில் ஆய்வகத்தின் சுவிட்சைத் தனியே பிரித்துவைப்பது எளிய தீர்வு.

மின்தடை: படிமம் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால் அக்கணினி தொடங்காது. ஆனால் படிமத்தை மறுபடி முதலிலிருந்து இட்டால் சரியாகும். வழங்கிக்கும் சுவிட்சுக்கும் தடையிலா மின்வழங்கி இருப்பது நல்லது.

உரிமம்: கணினியுடன் சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. ஒரு படிமத்தைப் பல கணினிகளில் இடுவதற்குத் தொகுதி உரிமம் வேண்டும்.

ஆதரவுக் காலம்: விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய பள்ளிக் கணினிகள் பலவற்றில் இல்லை. இயங்கும் நிலையில் உள்ள அக்கணினிகளைக் கழிப்பதா, லினக்ஸ் படிமத்தை இட்டுத் தொடர்ந்து பயன்படுத்துவதா என்பது பள்ளிகள் எடுக்கவேண்டிய முடிவாக உள்ளது.

மாற்று முறைகள்

எல்.டி.எஸ்.பி: 1999இல் தொடங்கிய இத்திட்டத்தில், கணினிகளின் வன்தட்டில் எதுவும் நிறுவப்படுவதில்லை. எல்லாக் கணினிகளும் வழங்கியில் உள்ள ஒரே படிமத்திலிருந்து வலையமைப்பு வழியாகத் தொடங்கும். வழங்கியில் ஒரு மென்பொருளைச் சேர்த்துப் படிமத்தைப் புதுப்பித்தால், அடுத்த தொடக்கத்தில் எல்லாக் கணினிகளிலும் அது இருக்கும். வழங்கி பழுதானால் ஆய்வகம் முழுவதும் நிற்கும் என்பது இதன் குறை. 2019இல் இது முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது.

டெபியன் எடு: 2001இல் நார்வேயில் ஸ்கோலேலினக்ஸ் என்னும் பெயரில் தொடங்கியது. பள்ளிக்குத் தேவையான வழங்கியையும் மாணவர் கணினிகளையும் ஒருசேர அமைத்துத் தரும்.

உறைநிலை மென்பொருள்: மாணவர் செய்யும் எந்த மாற்றமும் கணினியை மறுபடி தொடங்கும்போது நீங்கிவிடும். படிமம் இட்ட பின் இதனையும் சேர்த்தால் மறுநிறுவலின் தேவை குறையும். ஆனால் கோப்புகளை வேறிடத்தில் சேமிக்க மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

இவற்றையும் பார்க்க

இயங்குதளம்
கட்டற்ற மென்பொருள்
குளோன்சில்லா
பாஸ் லினக்ஸ்
தமிழ்99
எல்காட்
ஸ்ரீவைகுண்டம்